பச்சை லைட் எரியுது... கொட்டகையில் யாருங்க இருக்கா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் காலேஜ் நோட்டீஸ் போர்டுகளில் புதுசு புதுசா வேலைப் பெயர்கள் முளைக்கும். 'சப்ளை செயின் ரிஸ்க் அனலிஸ்ட்', 'கம்ப்ளையன்ஸ் அசோசியேட்', 'ஈ.ஹெச்.எஸ். சப்போர்ட் இன்ஜினீயர்'... பேரைப் பார்த்ததும் பாதிப் பேர் "நமக்கு ஜாவாவே போதும்டா சாமி"ன்னு நகர்ந்துடுவாங்க. மீதிப் பேர் அப்ளை பண்ணி, செலக்ட்டும் ஆகி, சென்னையிலோ பெங்களூருவிலோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்த பிறகுதான் 'இது என்ன வேலை?'ன்னு யோசிப்பாங்க.

அந்த வேலையைப் பற்றித்தான் இந்த வாரம். ஆனா கதையை பெங்களூருவில் ஆரம்பிக்கப் போறதில்லை. ஜேடர்பாளையத்தில் ஆரம்பிக்கிறேன்.

ஜேடர்பாளையம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். காவிரி, படுகை அணை, குளியல், சுடச்சுட வறுத்த மீன். கிளாஸைக் கட் அடிச்சிட்டு நாலு பைக்கில் எட்டுப் பேர் போய் வந்த கதை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இருக்கும். போற வழியில் ரெண்டு பக்கமும் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். நடுநடுவே தென்னை ஓலையோ தகரமோ வேய்ந்த கொட்டகைகளிலிருந்து வெள்ளையாகப் புகை. இனிப்பும் கருகலும் கலந்த ஒரு வாசனை. அதுதான் கரும்பாலை. வெல்லம் காய்ச்சுற இடம்.

வண்டியை நிறுத்தி ஒரு தடவையாவது உள்ளே எட்டிப் பாருங்க. ஒரு ஓரத்தில் கரும்பைப் பிழியும் கிரஷர். உருளைகளுக்கு நடுவில் கரும்பைக் கையால்தான் தள்ளணும். உருளைக்கும் விரலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பிழிந்த சாறு பெரிய இரும்புக் கொப்பரைக்குப் போகும். அடியில் காய்ந்த கரும்புச் சக்கையே எரிபொருள். சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை நுரையாக மேலே கொண்டுவந்து அள்ளி எறிவாங்க. பாகு பதம் வரும்போது சூடு 115 டிகிரியைத் தாண்டியிருக்கும். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான்! அது மட்டுமல்ல, தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிடும். பாகு பட்டால் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். அந்தப் பாகை அப்படியே தொட்டியில் கவிழ்த்து, கிளறி, சூடு ஆறும் முன்னே கையால் உருட்டினால் உருண்டை வெல்லம், அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம். 30 கிலோ ஒரு சிப்பம். சிப்பம் சிப்பமாகப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து கேரளா, கர்நாடகம், வட மாநிலங்கள்னு லாரி ஏறும்.

அதன் பிறகு அந்த வெல்லம் கடலைமிட்டாய் ஆகலாம், லேகியம் ஆகலாம், சூப்பர் மார்க்கெட் அலமாரியில் பளபளப்பான பாக்கெட்டில் 'இயற்கை வெல்லம்' என்ற பெயரில் உட்காரலாம். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண் உங்களை எங்கே கொண்டுபோகும்? தயாரித்தவரிடமோ, பாக்கெட் போட்டவரிடமோ கொண்டுபோகும். பாகு கிளறியவர் யார், அவர் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பதுவரை கொண்டுபோகாது.

இப்போ சாஃப்ட்வேருக்கு வருவோம்.

பெரிய கம்பெனி ஒன்றுக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தால், அந்த ஆயிரம் பேருக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் பல ஆயிரம் பேர். இதில் எந்தக் கண்ணி எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இன்றைக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2000-ம் ஆண்டு மார்ச் 17. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கியில் இருந்த ஃபிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசு நுழையக் கூடாத அறைக்குள் புகை நுழைந்துவிட்டது. அங்கிருந்து செல்போன் சிப் வாங்கியவர்கள் ரெண்டு பெரிய தலைகள்: நோக்கியா, எரிக்ஸன். நோக்கியா ஆட்கள் உடனே மோப்பம் பிடித்து வேறு ஆலைகளில் ஆர்டரைப் பிடித்துவிட்டார்கள். எரிக்ஸன் 'ஒரு வாரத்தில் சரியாகிவிடும்' என்று நம்பி உட்கார்ந்திருந்தது. கிட்டத்தட்ட 40 கோடி டாலர் போச்சு. அடுத்த வருஷமே எரிக்ஸன் தன் செல்போன் தொழிலை சோனியோடு கூட்டு சேர்த்துக்கொண்டது. அதற்கு அந்தத் தீ ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் ஓவர். ஆனாலும் பத்து நிமிஷத் தீ!

இப்படி அடிபட்ட கம்பெனிகள் 'இனி யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் தெரியணும்' என்று கிளம்பின. கூடவே இன்னொரு பயமும் சேர்ந்தது: பேர் கெட்டுப்போகும் பயம். குழந்தைத் தொழிலாளர், கொத்தடிமை, தீ விபத்து என்று எங்கேயாவது ஒரு ஆலையின் போட்டோ வந்துவிட்டால் லண்டன் கடை வாசலில் கொடி பிடிப்பார்கள். அதற்குப் பிறகு சட்டங்களும் வந்தன. பிரிட்டனில் 2015, பிரான்சில் 2017, ஜெர்மனியில் 2023 முதல். ஐரோப்பிய யூனியனும் 2024-ல் ஒன்றை நிறைவேற்றிவிட்டு, 2025-ல் அமலாகும் தேதியைத் தள்ளி வைத்தது. 'உன் சப்ளையர் செய்யும் தப்புக்கு நீயும் பதில் சொல்லு' என்பதுதான் எல்லாவற்றின் சாரம்.

இந்தப் பயங்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் வராமல் இருக்குமா? லண்டனில் செடெக்ஸ், பாரீஸில் எக்கோவேடிஸ், அமெரிக்காவில் அவெட்டா என்று வரிசையாக வந்தன. நம்ம ஊர் ஐ.டி. கம்பெனிகளும் இதே மாதிரி பலருக்கு எழுதிக் கொடுக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் சமாசாரம் எளிமைதான். சப்ளையருக்கு ஒரு லாகின். அவர் ஒரு நீளமான கேள்வித்தாளை நிரப்பணும். ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எத்தனை, கடைசியா எப்போது நிரப்பினீங்க, அவசர வழி எத்தனை, சம்பளப் பதிவேடு இருக்கா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண் என்ன, பதினெட்டு வயசுக்குக் குறைந்தவர் இருக்காங்களா... சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி ஏத்தணும். அப்புறம் ஒரு ஆடிட்டர் நேரில் வந்து பார்த்துட்டுப் போய் ரிப்போர்ட் ஏத்துவார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து சாஃப்ட்வேர் ஒரு மார்க் போடும். சிவப்பு, மஞ்சள், பச்சை.

இதில் நிஜமாகவே உபயோகமான விஷயம் உண்டுங்க. சும்மா கிண்டல் பண்ணிட்டுப் போக முடியாது. பாய்லர் சான்றிதழ் காலாவதியாக இன்னும் முப்பது நாள் என்று மெயில் அனுப்பும். கிரேன் ஆபரேட்டருக்குப் பயிற்சி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு என்று ஞாபகப்படுத்தும். 'நேத்து இந்த மெஷினில் ஒருத்தர் கை மாட்டப் பார்த்தது, தப்பிச்சார்' என்ற சின்னச் சம்பவத்தைக்கூடப் பதிந்து வைத்தால், நாலு ஆலையில் அதே மெஷினில் அதே மாதிரி நடந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும். பதிவேட்டைத் தூசு தட்டி யாரும் செய்யாத வேலை இது.

வில்லங்கம் அந்தப் பச்சை லைட்டில்தான்.

2012 செப்டம்பர் 11. பாகிஸ்தானில் கராச்சியின் பால்டியா டவுன் பகுதியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியே வர வழியில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற சர்வதேச சமூகத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது! அடுத்த வருஷம், 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்தில் சாவர் என்ற இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. 1,134 பேர். முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த கடைகளையும் வங்கியையும் மூடிவிட்டார்கள். மேலே இருந்த தையல் ஆலைகளுக்கு மட்டும் 'வேலைக்கு வா' என்று உத்தரவு. அந்த ஆலைகளிலும் முன்பே தணிக்கை நடந்திருந்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கேள்விப் பட்டியலில் இல்லை என்பதுதான் பிறகு வந்த பதில்.

யோசித்துப் பாருங்க. அந்த ஏப்ரல் 23 சாயங்காலம், விரிசல் விட்ட சுவரைப் பார்த்த ஆயிரக்கணக்கான பேர் அங்கே இருந்தார்கள். தகவல் இருந்தது. அதை ஏற்றுவதற்கு அவர்கள் யாரிடமும் லாகின் இல்லை.

'அதெல்லாம் கராச்சி, டாக்கா. நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்லைங்க'ன்னு சொல்றவங்களுக்கு முதலிப்பட்டி ஞாபகம் இருக்கணும். கராச்சி ஆலை எரிவதற்கு ஆறு நாள் முன்பு, 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. அதாவது ஆபீஸ் பேப்பரில் சிவப்பு லைட் எரிந்தாச்சு. ஆலைக்குள் வேலை நடந்துகொண்டே இருந்தது.

இன்னும் பக்கத்தில் வரலாம். உங்கள் கிளாஸிலேயே யாருடைய அக்காவாவது பிளஸ் டூ முடிச்சிட்டு மில்லுக்குப் போயிருப்பாங்க. ஈரோடு, திண்டுக்கல், கோவை, திருப்பூர், நம்ம நாமக்கல் என்று நூற்பாலைகள் இருக்கும் மாவட்டங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் ஒரு காலத்தில் பிரபலம். மூணு வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பாரு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம். கேட்க நல்லாத்தான் இருக்கும். 2011-லும் 2014-லும் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் தமிழ்நாட்டு மில்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைகள் உள்ளே இருந்ததைச் சொன்னன: விடுதியிலிருந்து தனியாக வெளியே போக முடியாது, போன் பேசக் கட்டுப்பாடு, ஓவர்டைம், பாதியில் விட்டுப் போனால் மொத்தப் பணமும் சந்தேகம். அந்த நூல் துணியாகி, சட்டையாகி ஐரோப்பாவின் பெரிய பிராண்டுகளுக்குப் போனது. பிராண்டுக்கும் திருப்பூர் தையல் யூனிட்டுக்கும் நடுவே கேள்வித்தாள் ஓடியது. நூற்பாலை அதற்கும் ரெண்டு படி கீழே. வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

அதற்கும் கீழே ஒரு படி உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள். அங்கே ஒருத்தர் வேலைக்குச் சேரும்போதே முன்பணம் வாங்குவார். அந்தக் கணக்கு தீர்வதற்குள் அடுத்த முன்பணம். கடன்தான் ஆளைக் கட்டிப்போடும் கயிறு. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னியை விற்ற விவகாரம் வெடித்து, அரசு விசாரணையில் இறங்கியது. எந்தக் கேள்வித்தாளிலாவது 'உங்கள் தொழிலாளிக்கு எவ்வளவு கடன், யாரிடம்?' என்று ஒரு கட்டம் இருந்தால் தேவலை. பெரும்பாலும் 'கட்டாய உழைப்பு உள்ளதா? ஆம் / இல்லை' என்றுதான் இருக்கும். முதலாளி எதை டிக் பண்ணுவார் சொல்லுங்க?

சரி, ஜேடர்பாளையம் கொட்டகைக்குத் திரும்பலாம். அங்கே இருக்கும் ஆட்களில் பலர் இன்றைக்கு வடமாநிலத்துக்காரர்கள். குடும்பத்தோடு வருபவர்களும் உண்டு. வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒன்றுதான், அல்லது ஒரு தகரச் சுவர் தள்ளி. 2023-ல் இந்த ஊர்ப் பெயர் பேப்பரில் தொடர்ந்து அடிபட்டது. மார்ச்சில் ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் தீவைப்பும் சேதமும் தொடர்ந்தன. மே மாதம் ஒரு ராத்திரி, கரும்பாலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநில இளைஞர்கள் மேல் தீ வைத்தார்கள். நாலு பேருக்குத் தீக்காயம். அதில் ஒருத்தர் பிழைக்கவில்லை. உங்கள் வயசுதான்.

அந்தக் குற்றத்தை விசாரிக்க போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. நான் கேட்பது வேறு. அந்த ராத்திரி அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் தூங்கினார்கள், எந்த ஊர்க்காரர்கள், கதவு எத்தனை என்பதை வெல்லம் வாங்கிய எந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேராவது சொல்லியிருக்குமா?

சட்டமாவது சொல்லுமா என்று பார்த்தால், அங்கேயும் ஒரு ஓட்டை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. மின்சாரம் இல்லாவிட்டால் 20 என்பது 40. வெளிமாநிலத் தொழிலாளர் தொடர்பான விதிகள் முன்பு 5 பேர் இருந்தாலே பொருந்தும், இப்போது 10 பேர் வேண்டும். எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் என்பது போன்ற நல்ல விஷயங்களும் அதே தொகுப்பில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கொட்டகை சட்டத்தின் கண்ணில் 'தொழிற்சாலை' என்ற அந்தஸ்தே இல்லாமல் நிற்கிறது. 115 டிகிரி பாகுக்கு ஆள் கணக்குத் தெரியாதே!

ஆலைக்காரரை மட்டும் வில்லனாக்குவதும் நியாயமில்லை. வெல்லம் வெளுப்பாக இருந்தால்தான் விலை. நாம்தான் கடையில் பழுப்பு வெல்லத்தை ஒதுக்கிவிட்டு மஞ்சள் மினுமினுப்பை எடுக்கிறோம். அந்த நிறத்துக்காகத்தான் 'ஹைட்ரோஸ்' என்று அவர்கள் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் கொப்பரைக்குள் விழுகிறது, சர்க்கரை மூட்டையும் விழுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ரெய்டு நடத்திப் பிடிக்கும், கொட்டிக் கீழே ஊற்றும். ரெண்டு வாரம் கழித்து மறுபடி அதே கதை. சாஃப்ட்வேரில் கேட்டால் 'லேப் ரிப்போர்ட் இணைக்கவும்' என்று இருக்கும். சாம்பிளை யார் எடுத்துக்கொண்டு போனது? விற்பவரேதான். பரீட்சைப் பேப்பரை நாமே திருத்திக்கொள்வது மாதிரி.

அப்போ இதெல்லாம் வெத்து வேலையா? இல்லைங்க. எது வேலை செய்தது என்பதற்கும் நம்மிடம் ஆதாரம் இருக்கு.

ராணா பிளாசா விழுந்த அடுத்த மாதமே, 2013 மே, பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் 'அக்கார்டு' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இருநூறு பிராண்டுகளுக்கு மேல் சேர்ந்தன. இதற்கும் பழைய தணிக்கைக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, இது கோர்ட் வரை போகக்கூடிய ஒப்பந்தம். 'முயற்சி செய்வோம்' டைப் இல்லை. ரெண்டு, ஒவ்வொரு ஆலையிலும் இன்ஜினீயர்கள் பார்த்த குறைகள், சரி செய்யக் கெடு, சரி செய்தாச்சா இல்லையா எல்லாம் இணையதளத்தில் ஊருக்கே தெரியும்படி போட்டார்கள். பழைய தணிக்கை ரிப்போர்ட் காசு கொடுத்தவர் பீரோவில் தூங்கும். இது அந்த ஆலையில் தையல் போடும் பெண்ணும் செல்போனில் பார்க்கலாம். 2023-ல் பாகிஸ்தானுக்கும் இதை விரிவுபடுத்தினார்கள்.

நம்ம ஊர் உதாரணம் இன்னும் அழுத்தமானது. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலை. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்துடையது. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையானார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். ஆலைக்குள் பாலியல் தொல்லை பற்றி மற்ற பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கம், ஆலை நிர்வாகம், ஹெச் அண்ட் எம் எல்லாரும் சேர்ந்து 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டார்கள். கேப், பி.வி.ஹெச். நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன.

அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு கணக்கு. 25 தொழிலாளிக்கு ஒரு கண்காணிப்பாளர். மேலிருந்து அனுப்பியவர் இல்லை. அதே லைனில் அதே மெஷினில் உட்கார்ந்து தைக்கும் பெண். பயிற்சி கொடுத்து, 'தப்பு நடந்தால் நீ பதிவு பண்ணு, உன்னை யாரும் பழிவாங்க முடியாது' என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் வருஷத்தில் 185 புகார்கள் பதிவாகின. 182 தீர்க்கப்பட்டன. நம்ம பழைய டாஷ்போர்டு மூளையோடு பார்த்தால் '185 புகாரா? சிவப்பு!' என்று அலறத் தோணும். புகார் பூஜ்யம் என்று காட்டும் பக்கத்து ஆலைக்குப் பச்சை கொடுக்கத் தோணும். தலைகீழ்!

இதில் 'ரிஸ்க்' எங்கே என்று கேட்பவர்களுக்கு அடுத்த காட்சி. 2022 ஜூலை 29-ல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி நாச்சி அப்பேரல் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. கோடிக்கணக்கான ரூபாய் ஆர்டர், ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் அந்தரத்தில். செப்டம்பரிலேயே உத்தரவைத் தளர்த்தினார்கள். காரணம், திண்டுக்கல் ஒப்பந்தப்படி ஏற்கெனவே நடந்த மாற்றங்களை ஆலை காட்ட முடிந்தது. மேலே உட்கார்ந்திருக்கும் ரிஸ்க் அனலிஸ்ட் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால், அதற்கு லைனில் உட்கார்ந்து புகாரைப் பதிந்த அந்தப் பெண்தான் காரணம்.

இதை ஏன் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் தெரியுமா? அடுத்த வருஷம் இந்தக் கேள்வித்தாளின் கட்டங்களை வரையப் போவது உங்களில் ஒருத்தர். 'இந்தக் கட்டத்தை யார் நிரப்புவாங்க?' என்று மீட்டிங்கில் கேட்க வேண்டியதும் நீங்கதான். டீம் லீடர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, ட்ரெய்னி பீரியடில் எதையும் கேட்கலாம்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தையே இன்னும் எத்தனை பேட்ச் காப்பி அடிக்கும்? இதோ ஒரு ஐடியா, இலவசம். ஜேடர்பாளையம், கபிலர்மலை, பிலிக்கல்பாளையம் வட்டாரத்துக் கரும்பாலைகளுக்கு ஒரு சின்னப் பதிவேடு. ஆப் வேண்டாம், டைப் பண்ணவும் வேண்டாம். ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பிக் கூப்பிட்டு ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் நாலு கேள்வி கேட்கும் குரல். இன்னிக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தீங்க, ராத்திரி எங்கே படுத்தீங்க, யாருக்காவது அடிபட்டுச்சா, போன வாரக் கூலி கைக்கு வந்துச்சா. பேர் கேட்கக் கூடாது. வந்த பதில் ஆலைக்காரருக்கு மட்டும் போகாமல் ஊராட்சிக்கும் போகணும். வெளிமாநிலத் தொழிலாளர் பதிவுக்கென்று தமிழ்நாடு தொழிலாளர் துறை ஏற்கெனவே ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. அதில் பதிவதற்கு உதவியும் சேர்த்துக்கலாம். ஆலைக்காரர் 'எதுக்குப்பா தம்பி வம்பு?' என்றுதான் முதலில் கேட்பார். கிரஷர் உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி போட என்ன செலவாகும் என்று உங்கள் மெக்கானிக்கல் நண்பனைக் கூட்டிக்கொண்டு போய்க் கணக்குப் போட்டுக் காட்டுங்க. அந்தப் பேச்சு வேற மாதிரி போகும்.

புராஜெக்ட் கைடு 'இதுல கோடிங் கம்மியா இருக்கே' என்று கேட்டால், மூணு மொழிக் குரல் பதிவைப் புரிந்துகொள்ளும் மாட்யூலை அவரையே எழுதச் சொல்லுங்க! ஒடியா தெரிந்த ஆள் வேண்டுமென்றால் ஜேடர்பாளையம் போற வழியில் புகை வரும் கொட்டகைகளில் கேட்டுப் பாருங்க. காலையில் போங்க, மத்தியானம் கொப்பரை பக்கம் நிற்க முடியாது.